கை நடுக்கமும் மூளையின் கரும்பட்டையும்



நம் முஹல்லாவில் வயதான வாப்பாமார்கள் சிலருக்குச் சும்மா இருக்கும்போதே ஒரு கை நடுங்குகிறது. ஸுஜூதிலிருந்து எழுவதற்குச் சிரமப்படுகிறார்கள். குரல் தாழ்ந்து, கையெழுத்தும் சிறுத்துவிடுகிறது. "வயசாயிட்டுல்லா" என்று நாம் விட்டுவிடுகிறோம். எல்லா நடுக்கமும் ஒன்றல்ல. ஆனால் இவை சேர்ந்து வந்தால் பார்க்கின்சன் நோயாக இருக்கலாம்.

இரு காதுகளுக்கும் நடுவே, மூளைத்தண்டின் உச்சியில் வலமும் இடமுமாக இரண்டு சிறு பட்டைகள் உள்ளன. பெயர் சப்ஸ்டான்ஷியா நைக்ரா; லத்தீனில் 'கரும்பொருள்'. நியூரோமெலனின் என்ற நிறமியால் வெறும் கண்ணுக்கே கறுப்பாகத் தெரியும். இங்குள்ள செல்கள் டோபமைன் என்ற பொருளைச் சுரந்து, மூளையின் உள்ளே ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதிக்கு அனுப்புகின்றன. நாம் நினைத்ததும் கால் எட்டு வைப்பது அதனால்தான். இந்நோயில் அச்செல்கள் மடிந்து பட்டை வெளுத்துவிடுகிறது. ஏறத்தாழ பாதி அழிந்த பிறகே நடுக்கம் வெளியே தெரிகிறது.

குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலிக்கு 1984-ல், 42 வயதில் இது கண்டறியப்பட்டது. (தலையில் வாங்கிய அடிகளும் காரணமா என்ற விவாதம் உண்டு.) 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையாலேயே ஜோதி ஏற்றினார்.

இதற்கான முக்கிய மருந்து லெவோடோபா. நம் காட்டு வேலிகளில் படரும் பூனைக்காலி விதையில் அது இருப்பதை 1937-ல் சென்னை சேப்பாக்கத்துப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் ராமசாமியும் பிரித்துக் காட்டினார்கள். அதற்காக விதையை அரைத்துக் குடிக்கக் கூடாது. அளவு தெரியாமல் போகும்.

நாம் கவலைப்படுவது ரமளானை நினைத்துத்தான். இம்மாத்திரையைப் பகலில் பல வேளை போட வேண்டும். நோன்புக்காகத் திடீரென நிறுத்தினால் உடல் விறைத்து, காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. தீராத நோய்க்கு ஃபித்யா உண்டு. நோன்பு வரும் முன்பே டாக்டரிடமும் ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். இறைச்சி, பருப்புச் சாப்பாட்டோடு போட்டால் மருந்து சரியாக ஏறாது என்பதால், சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு போடச் சொல்வார்கள்.

நடக்கையில் கால் தரையில் ஒட்டியது போல நின்றுவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள். குறுக்குக் கோட்டைத் தாண்டச் சொன்னால் பலருக்கு எட்டு வந்துவிடும். பள்ளிவாசலின் ஸஃப் கோடுகளே போதும்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. கங்கைகொண்டானிலிருந்து போய்வர வசதியில்லாதவர்கள் அஸருக்குப் பின் நம் அலுவலகத்தில் சொல்லுங்கள்.