குளியலறைக் குழாய்: அழகும் பயனும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குத் தண்ணீர்க் குழாய் என்றதும் லயத்துக் கோடியில் நின்ற பொதுக் குழாய்தான் நினைவுக்கு வரும். பெரட்டுக்குப் போகும் முன் வாளியை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்த காலத்தை நம் பெற்றோர் இன்றும் பேசுவார்கள். அந்தக் குழாய்க்கு அழகு என்று ஒன்றும் இல்லை. திருகினால் தண்ணீர் வந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

இன்று பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டு வெளியேறிச் சொந்த வீட்டில் குடியேறியிருக்கின்றன. ஊழியர் சேமநிதிப் பணத்தையும் பல ஆண்டுச் சேமிப்பையும் சேர்த்து வாங்கிய வீடு அது. குளியலறையைக் கொஞ்சம் எடுப்பாக அமைத்துக்கொள்ள ஆசைப்படுவது இயல்பே. அதில் தவறு ஏதும் இல்லை. ஆனால், கடைக்குள் நுழைந்தால் கண் கூசுகிறது. வெள்ளி போல் மின்னும் குழாய், கறுப்புக் குழாய், தங்க நிறக் குழாய், அருவி போல் அகலமாய்க் கொட்டும் குழாய் என்று வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். எதை வாங்குவது? எதற்கு எவ்வளவு கொடுப்பது? இதைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

முதலில் நாம் அறிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். மகன் புது வீட்டுக் குளியலறைக்கு உருண்டையான பிடி கொண்ட வழவழப்பான குழாய்களைத் தேடி வாங்கி மாட்டினார். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். ஆனால் நாள் முழுதும் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. மகனுக்குக் கோபம். "ஏம்மா, குழாயை ஒழுங்கா மூட மாட்டீங்களா?" என்று கேட்டார். "மூடத்தான் செய்யறேன் தம்பி. அது என் கைக்கு மூட மாட்டேங்குது" என்றார் தாயார். முப்பது ஆண்டுக்கு மேல் பால்வெட்டுக் கத்தி பிடித்த கை அது. விரல் மூட்டுகள் வீங்கி, மடக்கினால் வலிக்கும். மகன் தம் கையில் சோப்பைத் தேய்த்துக்கொண்டு குழாயைத் திருகிப் பார்த்தார். அவருக்கே வழுக்கியது. அன்றுதான் அவருக்கு உண்மை விளங்கியது.

ஆகவே, நேயர்களே, குழாய் வாங்கும் முன் கண்ணால் பார்த்தால் போதாது. அதைத் திறக்கப் போகும் கை யாருடைய கை என்று பார்க்க வேண்டும்.

உலகில் புகழ்பெற்ற குழாய்கள் தோன்றிய கதையும் இதைத்தான் சொல்கிறது. 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆல்பிரட் மோயன் என்ற மாணவர் இரட்டைக் குழாயைத் திறந்தபோது வெந்நீர் பட்டுக் கை சுட்டுக்கொண்டார். வெந்நீரையும் தண்ணீரையும் ஒரே கைப்பிடியால் அளவாகக் கலந்துகொள்ள முடியாதா என்று சிந்தித்தார். போர் முடிந்து, 1947இல்தான் அவருடைய ஒற்றைப் பிடிக் குழாய் விற்பனைக்கு வந்தது. 1968ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஆர்னே யாக்கப்சன் மற்றொரு குழாயை வடிவமைத்தார். அதில் இயங்கும் பாகங்கள் யாவும் சுவருக்குள் மறைந்திருக்கும். வெளியே மெல்லிய மூக்கும் ஒரு சிறு பிடியும் மட்டும் தெரியும். இன்று கடைகளில் காணும் எளிய, நேரான வடிவங்கள் பலவற்றுக்கு இத்தகைய குழாய்களே முன்மாதிரி. அவற்றின் அழகு ஒட்டவைத்த அலங்காரம் அன்று. பயனிலிருந்து பிறந்த அழகு.

இனி, குழாயின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பழைய வகைக் குழாயில் ஒரு திருகாணி இருக்கும். அதன் அடியில் ரப்பர் வாஷர் இருக்கும். நாம் திருகும்போது வாஷர் கீழிறங்கித் தண்ணீர் வரும் துவாரத்தை அடைக்கிறது. நாம் வெட்டிய மரத்துப் பாலின் உறவு குழாய்க்குள்ளும் இருக்கிறது என்று சொல்லலாம். புதிய வகையில் வாஷருக்குப் பதிலாக, பீங்கான் போன்ற கடினமான இரண்டு வட்டத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். இரண்டிலும் துவாரம் உண்டு. பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் துவாரங்கள் நேருக்கு நேர் வந்து தண்ணீர் பாயும். திருப்பி வைத்தால் நின்றுவிடும். அழுத்தித் திருக வேண்டியதில்லை. நெம்புகோல் போல நீண்ட பிடி உள்ள இவ்வகைக் குழாயை முழங்கையாலும் தள்ளி மூடலாம். முதியவர்களும் சிறு பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு இதுவே ஏற்றது.

அடுத்து, உலோகம். மேலே மின்னுவது குரோமிய முலாம். அதைப் பார்த்து உள்ளே இருப்பதை அறிய முடியாது. நல்ல குழாய் பித்தளையால் ஆனது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. ஈரத்தில் நெடுநாள் உழைக்கும். மலிவுக் குழாய்கள் சில துத்தநாகக் கலவையில் வார்த்தவை. நாளடைவில் இவை உள்ளே அரித்து, மரை இருக்கும் கழுத்துப் பகுதியில் ஒடியக்கூடும். ஒடிந்த துண்டு சுவருக்குள் சிக்கிக்கொண்டால் செலவு இரட்டிப்பாகும். எப்படிக் கண்டுபிடிப்பது? குழாயைக் கையில் எடுத்துப் பாருங்கள். பித்தளை கனமாக இருக்கும். பிறகு பின்புறத் துவாரத்தின் உட்பக்கத்தைப் பாருங்கள். முலாம் படாத இடத்தில் மஞ்சள் நிறம் தெரிந்தால் பித்தளை. சாம்பல் நிறமாக இருந்தால் யோசித்து வாங்குங்கள். துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களும் நல்லவையே. அவற்றுக்கு முலாமே தேவையில்லை. கறுப்பு நிறக் குழாய் வாங்கினால், மேற்பூச்சு கீறிக்கொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, நம் வீட்டுக்கு எது பொருந்தும் என்பது. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். வெந்நீர், தண்ணீர் இரண்டையும் கலக்கும் குழாய் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பெரும்பாலான மலிவு விலை வீடுகளில் வெந்நீர்க் குழாய் சுவருக்குள் பதிக்கப்பட்டிருப்பதில்லை. அங்கே கலவைக் குழாய் வாங்குவது, ஒரு கால் உள்ளவருக்கு ஜோடிச் செருப்பு வாங்குவது போல. ஒரு பக்கம் சும்மா கிடக்கும்; காசு மட்டும் போயிருக்கும். தண்ணீருக்கு மட்டும் உள்ள குழாயைக் கேட்டு வாங்குங்கள்.

மழை போல் பொழியும் அகலமான பூவாளிக்கும் இதே எச்சரிக்கை. தண்ணீரின் அழுத்தம் தொட்டியின் உயரத்தைப் பொறுத்தது. ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் நீருக்குத்தான் ஒரு பார் அழுத்தம் உண்டு. கூரைக்கடியில் உள்ள தொட்டி நம் தலைக்கு மேல் ஒன்று அல்லது இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால், அழுத்தம் அதில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான். அந்த அழுத்தத்தில் பெரிய பூவாளி மழையாகப் பொழியாது, ஒழுகும். பெட்டியின்மேல் எவ்வளவு அழுத்தம் தேவை என்று அச்சிட்டிருப்பார்கள். படித்துப் பார்த்து வாங்குங்கள். சிறிய பூவாளியே அந்த வீட்டுக்கு நன்றாக வேலை செய்யும்.

வாங்கும்போது கடைக்காரரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பானின் அனுமதி இதற்கு உண்டா? உள்ளே இருக்கும் பாகம் பழுதானால் தனியாகக் கிடைக்குமா? இரண்டாவது கேள்விக்கு "கிடைக்காது" என்று பதில் வந்தால், எவ்வளவு அழகான குழாயாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

சொட்டும் குழாயைச் சிறிய காரியம் என்று எண்ண வேண்டாம். நீங்களே அளந்து பாருங்கள். சொட்டும் குழாயின் கீழ் ஒரு புட்டியை ஒரு மணி நேரம் வையுங்கள். அரை லிட்டர் சேர்ந்தால், ஒரு நாளைக்கு 12 லிட்டர். ஓராண்டுக்கு 4,380 லிட்டர். பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். கணக்கும் வரும், சிக்கனமும் வரும்.

வாஷர் உள்ள குழாயை நாமே பழுதுபார்க்கலாம். முதலில் வீட்டுக்குத் தண்ணீர் வரும் அடைப்பானை மூடுங்கள். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். பிடியைக் கழற்றுங்கள். முலாம் கீறாமலிருக்கத் துணியைச் சுற்றி, ஸ்பானரால் மேல்பாகத்தைத் திருகி எடுங்கள். தேய்ந்த வாஷரைக் கடைக்கு எடுத்துச் சென்று அதே அளவில் புதியது வாங்கிப் பொருத்துங்கள். பிறகு மெல்ல மூடிப் பழகுங்கள். பலங்கொண்டு திருகுவதுதான் வாஷரைக் கெடுக்கிறது. பீங்கான் தகட்டுக் குழாயானால் உட்பாகத்தை முழுதாக மாற்ற வேண்டும். அதையும் மாதிரி காட்டியே வாங்குங்கள்.

புதுக் குழாய் மாட்டும்போது, முதலில் வெறுங்குழாயில் சற்று நேரம் தண்ணீரை ஓடவிட்டு மணலையும் துருவையும் வெளியேற்றுங்கள். ஒரு மணல் துகள் போதும், பீங்கான் தகட்டைக் கீறிவிடும். வெள்ளை டேப்பை மரை திருகும் திசையிலேயே இறுக்கமாகச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது அது சுருண்டு வந்துவிடும். தண்ணீர் குறைந்து வந்தால், குழாய் மூக்கிலுள்ள வலையைக் கழற்றிக் கழுவுங்கள். கழிவறை கழுவும் அமிலத்தையும் கம்பிச் சுருளையும் முலாமில் படவிடாதீர்கள். சோப்பு நீரும் மெல்லிய துணியும் போதும்.

பாதுகாப்பைப் பற்றியும் இரண்டு சொல். துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழாதீர்கள். அது ஆள் பாரம் தாங்குவதற்குச் செய்ததன்று. முதியவர் உள்ள வீட்டில், செங்கற்சுவரில் ஆழமாகப் பொருத்திய தனிக் கைப்பிடி ஒன்று இருக்கட்டும். மின்சார வெந்நீர்க் கருவியை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே மாட்டுங்கள். மின் கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி அதற்கு உண்டா என்று உறுதிசெய்யுங்கள். குழாய் அழகாக இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்தில்லை. இது இல்லாவிட்டால் ஆபத்து.

இன்னமும் தோட்ட வீட்டில் குடியிருக்கும் நேயர்களுக்கு ஒரு செய்தி. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டத்தின்படி, தீபகற்ப மலேசியாவில் தொழிலாளர் வீடுகளுக்குப் போதிய குழாய் நீரை இலவசமாகத் தருவதும், வீட்டை நல்ல நிலையில் பராமரிப்பதும் நிர்வாகத்தின் கடமை. குழாய் உடைந்தால் வாளியை வைத்துக்கொண்டு பொறுத்திருக்க வேண்டியதில்லை. அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். தேதியைக் குறித்து வையுங்கள்.

நாம் முதலில் சொன்ன வீட்டுக்குத் திரும்புவோம். அந்த மகன் உருண்டைப் பிடிக் குழாயை எடுத்துவிட்டு, நீண்ட பிடியுள்ள பித்தளைக் குழாய் ஒன்றை மாட்டினார். விலை முன்னதைவிடக் குறைவுதான். தாயார் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். தண்ணீர் நின்றது, ஒரு சொட்டுகூட விழவில்லை. "இப்பத்தாம்பா இது நம்ம வீட்டுக் குழாய்" என்றார் அவர்.

வரிசையில் நின்று தண்ணீர் பிடித்த கைகளுக்குத் தம் வீட்டில், தம் குழாயில், வலியில்லாமல் தண்ணீர் வர வேண்டும். அந்தக் குழாய் அழகாகவும் இருந்தால் மகிழ்ச்சியே.