மரமுந்திரிகைப் பழமும் மட்டக்களப்பின் போசாக்கும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை மணல் நிலங்களில் தென்னையோடு மரமுந்திரிகையும் செழித்து வளர்கின்றது. பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தை 16ஆம் நூற்றாண்டிலே போத்துக்கேயர் ஆசியக் கரைகளுக்குக் கொண்டுவந்தனர். திராட்சையைக் கொடிமுந்திரிகை என வழங்கும் எம்மவர், இதனை மரமுந்திரிகை என வேறுபடுத்தினர். கஜு என்னும் பெயரோ பிரேசிலின் பூர்வகுடிகளிடமிருந்து போத்துக்கேயர் வழியாக வந்ததாகும்.

நாம் பழம் என்று கூறுவது தாவரவியல் நோக்கிற் பழமன்று. பருத்துத் திரண்ட பூக்காம்பே அது. அதன் நுனியில் சிறுநீரக வடிவிலே தொங்கும் கொட்டையே உண்மையான கனி. சந்தையும் இக்கொட்டைக்கே விலை தருகின்றது. கொட்டையைத் திருகி எடுத்தபின் பழங்களிற் பெரும்பாலானவை மரத்தடியிலேயே அழுகிப்போகின்றன.

எறியப்படுவது யாது? 100 கிராம் பழத்தில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் விற்றமின் சி உண்டு. தோடம்பழத்திலோ சுமார் 50 மில்லிகிராமே உள்ளது. வளர்ந்த ஒருவரின் நாளாந்தத் தேவை 45 மில்லிகிராம் எனக் கொள்ளின், ஒரேயொரு பழம் அதனை நிறைவேற்றிவிடும். சோறு, கீரை முதலியவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுதற்கும் இவ்விற்றமின் துணைபுரிகின்றது. மீனும் இறைச்சியும் நாள்தோறும் வாங்கவியலாத வீடுகளிலே, குருதிச்சோகையுற்ற தாய்மாருக்கு இது சிறு விடயமன்று.

பழம் ஒதுக்கப்படுவதற்குக் காரணம் அதன் கயர்ப்பு. தனின் என்னும் பொருள் நாவையும் தொண்டையையும் பற்றிக்கொள்கின்றது. எம் சிறுவர்கள் உப்புத் தொட்டு உண்பதால் அது ஓரளவு மட்டுப்படும். சாற்றிலே அரிசிக் கஞ்சியைக் கலந்து வைத்தால், மாப்பொருள் தனினோடு சேர்ந்து அடியிற் படியும். தெளிந்த சாற்றை மெல்ல வடித்துக்கொள்ளலாம். இதற்கு இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. ஆயின் பழம் ஓரிரு நாளிற் கெட்டுவிடுமாதலால், பறித்த அன்றே செய்தல் வேண்டும். நெடுநேரம் காய்ச்சினால் விற்றமின் சி பெருமளவு அழியும் என்பதையும் மறத்தலாகாது.

வயிற்றோட்டத்துக்கு மரப்பட்டைக் கசாயம் கொடுக்கும் வழக்கமும் பல நாடுகளில் உண்டு. தனினின் துவர்ப்புத்தன்மை இவ்வழக்கத்துக்கு ஓரளவு விளக்கமளிப்பினும், நீரிழந்த குழந்தைக்கு உப்பும் சீனியும் சேர்ந்த நீராகாரத்துக்கு அது ஈடாகாது.

கொட்டையின் பருப்பில் 100 கிராமுக்குப் புரதம் ஏறத்தாழ 18 கிராமும் கொழுப்பு 44 கிராமும் உள்ளன. அதன் கோதிலுள்ள எண்ணெயோ தோலைப் பொசுக்கவல்லது. அதிலடங்கிய அனகாடிக் அமிலம் பற்சிதைவை உண்டாக்கும் பற்றீரியாவை ஒடுக்குவதாக ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளன. அதே அமிலந்தான் கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் புண்ணாக்குகின்றது. கையுறையின்றி, சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டு அவர்கள் உடைத்தெடுக்கும் பருப்பு, அவர்தம் பிள்ளைகளின் உணவில் அரிதாகவே சேர்கின்றது. அப்பிள்ளைகளுக்கு எட்டக்கூடியதாக மரத்தடியிற் கிடப்பது பழமே.