கைதட்டலும் கருத்தும்



புதிய படம் ஒன்று வெளியாகும் நாளில் கொட்டகைக்குள் இரு காட்சிகள் நிகழ்கின்றன. ஒன்று திரையின்மேல் நிகழ்வது; மற்றொன்று அதன் எதிரே, இருக்கைகளில் நிகழ்வது. முன்னதைப் பற்றிப் பேசுவோர் பலர். பின்னதைப் பற்றி எண்ணுவோர் சிலரே. ‘சூப்பர் ஹீரோ’ என வழங்கும் பேராற்றல் வீரரின் படங்களைக் காண்போர் ஏன் அத்துணை ஆரவாரம் செய்கின்றனர்? அந்த ஆரவாரத்தை எவ்வாறு மதிப்பிடுவது? 2018ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வெளிவந்த ‘பிளாக் பாந்தர்’ என்னும் அமெரிக்கப் படத்தைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

பேராற்றல் வீரர் கதைகள் அமெரிக்கப் படக்கதை இதழ்களில் தோன்றி வளர்ந்தவை. சூப்பர்மேன் 1938இல் தோன்றினான். கருஞ்சிறுத்தை எனப் பொருள்படும் பிளாக் பாந்தரை ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1966இல் படைத்தனர். அவன் வக்காண்டா என்னும் கற்பனை ஆப்பிரிக்க நாட்டின் அரசன். அந்நாடு அயலார் ஆட்சிக்கு ஒருபோதும் உட்படாதது. அரிய உலோகம் ஒன்றின் துணையால் அறிவியலில் உலகையே விஞ்சியது. எனினும், தன் வளத்தைப் பிறர் அறியாவண்ணம் மறைத்து வாழ்வது.

இக்கதையை ரயன் கூக்ளர் படமாக்கினார். சாட்விக் போஸ்மன் அரசனாக நடித்தார். அமெரிக்கக் கறுப்பின மக்களிற் பலர் ஆப்பிரிக்க உடை அணிந்து, திருவிழாவுக்குச் செல்வார்போல் குடும்பத்துடன் கொட்டகைக்குச் சென்றனர். நியூயார்க்கின் ஹார்லம் பகுதிச் சிறுவர்கள் படம் பார்ப்பதற்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. உலகெங்கும் படம் ஈட்டிய வசூல் 130 கோடி டாலரைக் கடந்தது.

இத்தனை மகிழ்ச்சிக்குக் காரணம் யாது? கறுப்பின வீரன் திரையில் தோன்றியது அதுவே முதன்முறை என்று கூறுதல் பொருந்தாது. 1998இல் வந்த ‘பிளேடு’ படத்தின் தலைவனும் கறுப்பினத்தவனே. ஆயின், அவன் தனியொருவன். ‘பிளாக் பாந்தர்’ படத்திலோ ஒரு நாடே இருந்தது. அரசனும் அரசியும், படைத்தலைவியும், அறிவியல் மேதையான இளநங்கையும், உழவரும் வணிகரும் அனைவரும் கறுப்பினத்தவர். இயக்குநரும் அவ்வினத்தவரே. ‘நம்மவர் இவ்வாறும் வாழ்ந்திருக்கக்கூடும்’ என்னும் எண்ணமே அக்கைதட்டலில் ஒலித்தது. பசித்தவன் உணவைக் கண்டு மகிழும்போது, அம்மகிழ்ச்சி உணவின் சுவையை மட்டுமன்றி, அவன் காத்திருந்த காலத்தையும் காட்டுகிறது அன்றோ?

ஒரே படம் எல்லா நாட்டிலும் ஒரே உணர்ச்சியை எழுப்புவதில்லை. வக்காண்டா மக்கள் பேசும் மொழியாகத் தென்னாப்பிரிக்காவின் கோசா மொழியே எடுத்தாளப்பட்டது. தம் தாய்மொழியை அத்தகைய பெரும்படத்தில் கேட்டவர்க்கு அது தனிப்பெருமை. பல்வேறு ஆப்பிரிக்க இனத்தாரின் உடைகளையும் அணிகளையும் ஒரு கற்பனை நாட்டில் கலந்தது தகுமா என வினவியோரும் உண்டு. சவூதி அரேபியாவில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பொதுத் திரையரங்குகள் இல்லாதிருந்தன. 2018 ஏப்ரல் 18ஆம் நாள் ரியாத் நகரில் திறக்கப்பட்ட அரங்கில் முதலில் காட்டப்பட்டது இப்படமே. அங்கே கூடியவர்க்குப் பலரோடு அமர்ந்து படம் பார்ப்பதே ஒரு புதுமை. ஆகவே, காண்போர் கொண்டுவரும் வாழ்க்கையும் படத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

இவ்வுணர்ச்சியை அளக்கவும் முறைகள் உள்ளன. அமெரிக்காவில் ‘சினிமாஸ்கோர்’ என்னும் நிறுவனம், படம் வெளியாகும் முதல் நாளன்று, பார்த்துவிட்டு வருவோரிடம் சிறு அட்டையைக் கொடுத்துத் தரம் குறிக்கச் செய்கிறது. இப்படத்துக்கு மிக உயர்ந்த ‘ஏ பிளஸ்’ கிடைத்தது. இம்முறை பயனுடையதே. எனினும், முதல் நாளன்றே விரைந்து வருபவர் பெரும்பாலும் படத்தை விரும்பும் மனத்தோடு வருபவர் என்பதை மறத்தல் ஆகாது. இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. படம் வெளிவருமுன்னரே, அதன் இணையத்தள மதிப்பெண்ணைக் குறைத்துவிட வேண்டுமெனச் சிலர் கூடித் திட்டமிட்டனர். படத்தைக் காணாமலே புகழ்வதும் தவறு. காணாமலே இகழ்வது அதனினும் தவறு. விடைத்தாளைப் படியாமல் மதிப்பெண் இடும் ஆசிரியரை நீங்கள் ஏற்பீர்களா?

ஆரவாரம் அடங்கிய பின்னர் எழுந்த வாதமே இப்படத்தின் பெரும்பயன் என்பேன். கதையில் அரசனை எதிர்ப்பவன் கில்மாங்கர். அவன் தந்தை வக்காண்டா அரசகுலத்தவர். தம் உடன்பிறந்த அரசராலேயே கொல்லப்பட்டவர். சிறுவனோ அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் ஆதரவின்றி விடப்பட்டான். வளர்ந்தபின் அவன் அரியணையைக் கைப்பற்றி, உலகெங்கும் ஒடுக்கப்பட்ட தன் இனத்தார்க்குப் படைக்கலம் வழங்க முனைகிறான். ‘இத்துணை ஆற்றல் இருந்தும் எம் துயரைக் கண்டு வாளா இருந்தீர்களே!’ என்பதே அவன் குற்றச்சாட்டின் சாரம். பார்த்தவரிற் பலர் அவன் பக்கமே நியாயம் என்றனர். அவன் நோக்கம் நேரிது, வழி கொடிது என்றனர் வேறு சிலர். அரசனும் இறுதியில் அவன் கேள்வியின் உண்மையை ஏற்று, நாட்டின் கதவைத் திறந்துவிடுகிறான். வல்லவன் தன்னை மட்டும் காத்துக்கொள்ளலாமா, தீமையை ஒழிக்க எவ்வழியும் தகுமா என்னும் வினாக்கள் பழைமையானவை. அவற்றைப் பெருந்திரளான இளைஞர் பேசும்படி செய்தது இப்படம்.

உணர்ச்சி எப்போதும் ஓசையாக வெளிப்படுவதில்லை. சாட்விக் போஸ்மன் 2020 ஆகஸ்டு 28ஆம் நாள், தம் நாற்பத்து மூன்றாம் வயதில், குடற்புற்று நோயால் மறைந்தார். அவ்வேடத்தை வேறொருவர்க்கு அளிக்காமலே 2022இல் அடுத்த படம் எடுக்கப்பட்டது. அதன் தொடக்கத்தில், நிறுவனத்தின் சின்னத்தோடு அவருடைய உருவங்கள் இசை ஏதுமின்றித் திரையில் தோன்றின. அங்கே நிலவும் அமைதியும் காண்போர் பங்குகொள்ளும் காட்சியே.

மாணவர்களே! ஒரு படத்தைக் கண்டு கைதட்டுவதில் இழுக்கு எதுவும் இல்லை. மனம்விட்டு மகிழ்தல் இளமைக்கு இயல்பு. ஆனால், வீடு திரும்பிய பின்னர் மூன்று வினாக்களை உங்களுக்குள் எழுப்புங்கள். எந்தக் காட்சி என்னைத் தொட்டது? என் வாழ்வின் எக்குறையை அது நினைவூட்டியது? பகைவனாகக் காட்டப்பட்டவன் கூறியதில் உண்மை ஏதேனும் உண்டா? ‘நன்று’, ‘தீது’ என்னும் ஒற்றைச் சொல்லுக்கு அப்பால், ஏன் என்று கூறப் பழகுங்கள். கைதட்டல் கொட்டகையோடு நின்றுவிடும்; காரணத்தோடு கூடிய கருத்து உங்களோடு வளரும்.