நாய்க்குட்டி நொண்டுகிறதே, ஏன்?

காலையில் நொண்டுகிறது. மத்தியானம் துள்ளி ஓடுகிறது. நாலு நாள் ஒன்றும் இல்லை. பிறகு மறுபடியும் நொண்டுகிறது. போன வாரம் வலது முன்னங்கால். இந்த வாரம் இடது பின்னங்கால்!

"நடிக்குது. பிஸ்கட்டுக்கு அடி போடுது" என்கிறார் வீட்டுப் பெரியவர்.

"குட்டி மேலே யாரோ கண்ணு வெச்சிட்டாங்க" என்கிறாள் ஆயா.

"எங்கேயாவது விழுந்திருக்கும். ரெண்டு நாள்லே சரியாப் போயிடும்" என்கிறார் அடுத்த வீட்டுக்காரர்.

நாய் வளர்க்கும் வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். குட்டி லாப்ரடார், ராட்வீலர், கிரேட் டேன், அல்சேஷன் என்று நாம் சொல்லும் ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய ஜாதியா? அதன் வயது நாலு மாதத்துக்கும் ஒரு வருஷத்துக்கும் நடுவிலா? அப்படியானால் அது நடிப்பு அல்ல. அநேகமாக எலும்பிலோ, மூட்டிலோ வலி.

ஒரு காலத்தில் இந்த நாய்களைப் பட்டணத்துப் பங்களாக்களில்தான் பார்க்க முடியும். இப்போது சின்ன ஊர்களிலும் வளர்க்கிறார்கள். பாலாற்றங்கரையில் இருக்கும் வாலாஜாபாத், அதை அடுத்த அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை என்று தறிச் சத்தம் கேட்கும் ஊர்களில் ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். அப்பா கையைக் கடித்துக் கொண்டு ஒரு குட்டி வாங்கித் தருகிறார். குட்டியின் விலை, ஊசிச் செலவு, தீனிச் செலவு எல்லாம் சேர்ந்தால், பட்டு நெய்து பிழைக்கும் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை அல்ல. பணம் ஒரு புறம் இருக்கட்டும். ஐந்தாறு மாதத்தில் அது வீட்டுப் பிள்ளை ஆகிவிடுகிறது. அது காலைத் தூக்கிக் கொண்டு நின்றால் வீடே கலங்குகிறது.

கால் வலி என்றால் என்ன என்று நெசவாளிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. குழித் தறியில் உட்கார்ந்து நாள் முழுவதும் காலால் மிதிப்பவர் அவர். ஆனால் அந்த அனுபவத்தை வைத்துக் குட்டிக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது. குட்டியின் கால் வேறு மாதிரி.

எத்தனை வேகம்!

மனிதக் குழந்தை பிறக்கும்போது சுமார் 3 கிலோ எடை இருக்கும். ஒரு வயதில் 9 கிலோ. அதாவது மூன்று மடங்கு.

லாப்ரடார் குட்டி பிறக்கும்போது அரைக் கிலோ கூட இருக்காது. ஒரு வயதில் அது 25 முதல் 30 கிலோ. ஐம்பது, அறுபது மடங்கு!

இந்த வேகத்தில்தான் வம்பு இருக்கிறது. வளரும் எலும்பின் நுனியில் குருத்தெலும்பு இருக்கும். முருங்கைப் பிஞ்சு போல அது மென்மையானது. நாளாக ஆக அது கெட்டிப்பட்டு முழு எலும்பு ஆகும். பெரிய ஜாதி நாய்களில் இது முடியச் சுமார் ஒரு வருஷம் பிடிக்கும். மிகப் பெரிய ஜாதிகளில் இன்னும் சில மாதம் கூடும். அதற்குள் உடம்பு கனத்துவிடுகிறது. கெட்டிப்படாத எலும்பு அந்தக் கனத்தைச் சுமக்க வேண்டியிருக்கிறது.

வந்து போகும் வலி

கால் மாறிக் கால் நொண்டும் குட்டிகளில் பலவற்றுக்கு இருப்பது ஒரு வகை எலும்பு அழற்சி. டாக்டர்கள் இதைப் "பான் ஆஸ்டியைட்டிஸ்" என்பார்கள். பெயர் பயமுறுத்துகிறது. நோய் அவ்வளவு பயங்கரம் அல்ல. காலின் நீண்ட எலும்புகளுக்கு உள்ளே வீக்கம் காண்கிறது. ஒரு எலும்பில் இரண்டு, மூன்று வாரம் இருக்கும். தணியும். பிறகு வேறு காலில் கிளம்பும். ஜெர்மன் ஷெப்பர்டு குட்டிகளுக்கு அதிகம் வருகிறது. பெட்டையை விட ஆணுக்கு அதிகம். பெரும்பாலும் ஐந்தாவது மாதத்துக்கு மேல் தொடங்கும். ஒன்றரை வயதுக்குள் தானாகவே போய்விடும். டாக்டர் எலும்பின் நடுப் பகுதியை விரலால் அழுத்திப் பார்ப்பார். குட்டி "வாள்" என்று கத்தும்.

கேட்பதற்கு ஆறுதலாக இருக்கிறது அல்லவா? ஆனால், "எல்லாம் வளரும் வலிதான், தானே போய்விடும்" என்று வீட்டில் இருந்தபடியே முடிவு கட்டுவதுதான் ஆபத்து. காரணம், இதே வயதில், இதே போல விட்டு விட்டு நொண்ட வைக்கும் வேறு கோளாறுகளும் உண்டு. அவை தானே போவதில்லை.

ஆட்டுக்கல்லும் குழவியும்

அவற்றில் முக்கியமானது இடுப்பு மூட்டுக் கோளாறு. ஆட்டுக்கல்லைப் பார்த்திருப்பீர்கள். குழியில் குழவி அளவாக உட்கார்ந்தால் மாவு அரைபடும். குழி ஆழம் இல்லாமல், குழவியும் ஆடினால் என்ன ஆகும்? இரண்டும் தேயும். நாயின் இடுப்பும் அப்படித்தான். தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பு எலும்பின் குழியில் சரியாகப் பொருந்த வேண்டும். சில குட்டிகளுக்கு அது தளர்ந்து ஆடுகிறது. நாள்பட மூட்டு தேய்ந்து, தீராத வாதம் ஆகிறது.

நாய்களுக்கு இந்த நோய் இருப்பதை 1935-ல் அமெரிக்காவில் ஷ்னெல் என்ற கால்நடை டாக்டர் முதலில் எழுதினார். பெற்ற நாய்களிடம் இருந்து குட்டிக்கு வருவது இது. இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துச் சான்று தருவதற்கென்றே 1966-ல் அந்த நாட்டில் ஒரு நிறுவனம் ஏற்பட்டது.

அறிகுறி எப்படி இருக்கும்? குட்டி ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் போலத் தத்தும். படுத்து எழுந்திருக்கச் சிரமப்படும். மாடிப்படி ஏற யோசிக்கும். நடக்கும்போது இடுப்பை ஆட்டும். "சினிமா நடிகை மாதிரி நடக்குது" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். அது சிரிக்கும் விஷயம் அல்ல.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். தளர்ந்த இடுப்பைச் சரிப்படுத்தச் சில அறுவைச் சிகிச்சைகள் உண்டு. அவற்றில் ஒன்றை ஐந்து மாத வயதுக்குள் செய்தால்தான் பலன். இன்னொன்றை, மூட்டில் வாதம் தொடங்கும் முன்பு, ஒரு வயதுக்குள் செய்ய வேண்டும். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று ஆறு மாதம் தள்ளிப் போட்டால் அந்தக் கதவு சாத்திக் கொள்ளும்.

முன்னங்காலில் நொண்டினால் தோள் மூட்டையும் முழங்கை மூட்டையும் சந்தேகிக்க வேண்டும். அங்கே குருத்தெலும்பு தடித்து, பிளந்து, சில சமயம் துண்டாகக் கழன்று விடும். செருப்புக்குள் கல் புகுந்தால் நடக்க முடியுமா? அந்த நிலைதான் குட்டிக்கு.

நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. உண்ணி! அது கடிப்பதால் வரும் காய்ச்சலில் மூட்டு வலித்து, குட்டி கால் மாறி நொண்டும். சாப்பிடாது. ஈறு வெளுக்கும். சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மருந்து இருக்கிறது. தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

கொழுக்க வைக்காதீர்கள்

"நொண்டுகிறதே, சத்துப் போதவில்லை போலிருக்கிறது!" என்று சொல்லி, தட்டில் இன்னும் இரண்டு பிடி கூடப் போடுகிறோம். மருந்துக் கடைக்குப் போய்க் கால்சியம் டானிக் வாங்கி, காலையில் ஒரு மூடி, மாலையில் ஒரு மூடி ஊற்றுகிறோம். அன்பினால் செய்வதுதான். ஆனால் பெரிய ஜாதிக் குட்டிக்கு அது கெடுதல்.

1974-ல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து வளர்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வேண்டிய மட்டும் தீனி. இன்னொரு பிரிவுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. வயிறு முட்டத் தின்ற குட்டிகளுக்குத்தான் எலும்புக் கோளாறுகள் அதிகம் வந்தன.

1985-ல் ஹாலந்து நாட்டில், உட்ரெக்ட் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் சுண்ணாம்புச் சத்தைச் சோதித்தார்கள். அளவான சத்து உள்ள தீனி சில குட்டிகளுக்கு. சுமார் மூன்று மடங்கு சுண்ணாம்புச் சத்து சேர்த்த தீனி வேறு சில குட்டிகளுக்கு. கூடுதல் பெற்ற குட்டிகளின் எலும்பு வளர்ச்சி கெட்டது. கால் கோணிற்று. இது என்ன விந்தை! எலும்புக்கு நல்லது என்று நாம் கொடுப்பதே எலும்பைக் கெடுக்கிறது! வேண்டாத சுண்ணாம்பைக் குடலிலேயே தடுத்து நிறுத்தும் சக்தி இளங்குட்டிக்குச் சரிவர இல்லை. கொடுத்ததில் பெரும் பகுதி உள்ளே போய்விடுகிறது.

லாப்ரடார் வளர்ப்பவர்கள் கேட்க வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. 1987-ல் அமெரிக்காவில் ஒரு நாய்த் தீனிக் கம்பெனி 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாக எடுத்துக் கொண்டது. ஜோடியில் ஒன்று தின்பதை விட மற்றது 25 சதவிகிதம் குறைவாகத் தின்னும்படி பார்த்துக் கொண்டார்கள். ஆயுள் முழுவதும் இப்படியே. இரண்டு வயதில் எக்ஸ்ரே எடுத்தபோது, குறைவாகத் தின்ற நாய்களில் இடுப்புக் கோளாறு குறைவாக இருந்தது. அது மட்டும் அல்ல. அவை ஏறக்குறைய இரண்டு வருஷம் அதிகமாகவும் உயிரோடு இருந்தன. முடிவு 2002-ல் வெளியாயிற்று.

பட்டினி போடச் சொல்லவில்லை. குட்டியின் விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மேலே இருந்து பார்த்தால் இடை தெரிய வேண்டும். "தோலும் எலும்புமா வெச்சிருக்கியே!" என்று வருகிறவர்கள் சொல்லத்தான் செய்வார்கள். சொல்லட்டும். நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் ஒல்லியான நாய்கள்தானே? யார் அவற்றை நோஞ்சான் என்கிறார்கள்?

இதற்கு மறு பக்கமும் உண்டு. தயிர் சாதத்தை மட்டும், அல்லது சோறும் கறியும் மட்டும் போட்டு வளர்த்தால் போதாது. சோற்றிலும் கறியிலும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அந்தக் குட்டிகளின் எலும்பு மெலிந்து, வளைந்து, லேசாகத் தட்டினால் கூட முறியும். பெரிய ஜாதிக் குட்டிக்கென்று தயாராகும் தீனி வாங்கினால், அதில் எல்லாம் அளவாக இருக்கிறது. அதற்கு மேல் டானிக் வேண்டாம். விலை கட்டுப்படி ஆகாதவர்கள் வீட்டுச் சாப்பாடே போடலாம். அதில் எது எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கால்நடை டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொள்ள வேண்டும்.

தரையையும் கவனியுங்கள். புதிதாகக் கட்டும் வீடுகளில் பளபளவென்று டைல்ஸ் போடுகிறோம். குட்டியின் கால் அதில் வழுக்கி விரிகிறது. அது புழங்கும் இடத்தில் பழைய சாக்கு, பாய் எதையாவது விரித்து வையுங்கள். நார்வே நாட்டில் சுமார் 500 பெரிய நாய்களைப் பிறந்தது முதல் கவனித்து, 2012-ல் ஒரு முடிவு சொன்னார்கள். முதல் மூன்று மாதத்தில் தினமும் படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்புக் கோளாறு அதிகம். வெளியே மண் தரையில் இஷ்டம் போல விளையாடியவற்றுக்குக் குறைவு. மண் தரைக்கு வாலாஜாபாத்தில் பஞ்சம் இல்லை. ஆனால் சைக்கிளில் சங்கிலியைக் கட்டிக் குட்டியை இழுத்துக் கொண்டு ஓடுவது கூடாது. ஒரு வயது வரை அந்த ஆசையை அடக்கி வையுங்கள்.

மாத்திரை வேண்டாம்!

குட்டி நொண்டினால் முதலில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். நெருஞ்சி முள்ளாக இருக்கலாம். விரல் இடுக்கில் உண்ணி இருக்கலாம். நகம் பிய்ந்திருக்கலாம். ஒன்றும் இல்லை என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் கட்டிப் போடுங்கள்.

நமக்குத் தலைவலி, உடம்பு வலி வந்தால் போடும் மாத்திரையில் பாதியைக் குட்டிக்குக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம்! ஐபுபுரூஃபன், டைக்ளோபினாக் போன்றவை நாயின் வயிற்றில் புண் உண்டாக்கும். சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரலைத் தாக்கும். நாய்க்கென்று வலி மருந்து தனியாக இருக்கிறது. எடை பார்த்து டாக்டர்தான் தர வேண்டும்.

மூங்கில் பட்டை வைத்துக் கட்டுப் போடுவதும் அப்படியே. முறியாத காலை இறுக்கிக் கட்டினால், வளரும் குட்டியின் தொடைத் தசை சுருங்கிவிடும். பிறகு கால் மடங்கவே மடங்காது. விட்டு விட்டு நொண்டிய குட்டி நிரந்தரமாக நொண்டும்.

டாக்டரிடம் போகும்போது ஒரு வேடிக்கை நடக்கும். வீட்டில் நொண்டிய குட்டி ஆஸ்பத்திரி வாசலில் ஜம்மென்று நடக்கும்! புது இடம், புது வாசனை. வலி மறந்து போகிறது. அதனால் வீட்டில் நொண்டும்போதே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பக்கவாட்டில் ஒரு தடவை, பின்னால் இருந்து ஒரு தடவை. நாட்காட்டியில் தேதிக்கு நேரே எந்தக் கால் என்றும் குறித்து வையுங்கள். முன்னங்காலில் எது என்று தெரியவில்லையா? தலையைப் பாருங்கள். வலிக்கும் கால் தரையில் படும்போது நாய் தலையை மேலே தூக்கும்.

இரண்டு நாள் ஓய்வு கொடுத்தும் நொண்டல் நிற்காவிட்டாலும், நின்று மறுபடி வந்தாலும் காட்டியே ஆக வேண்டும். காய்ச்சல் அடித்தாலோ, மூட்டு வீங்கினாலோ, காலைத் தரையில் ஊன்றவே மறுத்தாலோ அன்றைக்கே போக வேண்டும். முதலில் பக்கத்தில் இருக்கும் கால்நடை ஆஸ்பத்திரியில் காட்டலாம். எக்ஸ்ரேயும் எலும்பு வைத்திய நிபுணரும் தேவைப்பட்டால் சென்னைக்குப் போகலாம். வேப்பேரியில் 1903-ல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது.

இடுப்பைச் சரியாகப் படம் எடுக்கக் குட்டியை மல்லாக்கப் படுக்க வைத்து, பின்னங்கால் இரண்டையும் நேராக நீட்ட வேண்டும். விழித்திருக்கும் குட்டி அதற்குச் சம்மதிக்குமா? மயக்க ஊசி போடுவார்கள். ஆகவே, போவதற்கு முதல் நாளே, எத்தனை மணியிலிருந்து ஆகாரம் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக் கொள்ளுங்கள். அன்று காலை பிள்ளைகள் ஒளித்துப் பிஸ்கட் கொடுத்துவிடாமல் ஒருவர் காவல் இருக்க வேண்டும்.