கடலின் நிறத்தைச் சரிபார்க்கும் நிலா!

கடல் ஓரிடத்தில் நீலமாகவும் இன்னோரிடத்தில் பச்சையாகவும் தெரிவது ஏன்? கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் இதற்கு முக்கியக் காரணம். அவற்றின் பச்சையம் கூடக் கூட, கடலின் நீலம் மங்கிப் பச்சை ஏறும். செயற்கைக்கோள்கள் இந்த நிறத்தை அளந்து, பச்சையத்தின் அளவைக் கணக்கிடுகின்றன. இந்தியாவின் ஓஷன்சாட் வரிசை 1999-ல் இந்தப் பணியைத் தொடங்கியது.

ஆனால், இந்தக் கணக்கு அவ்வளவு சுலபம் இல்லை.

90 போக மீதி 10

கடலைப் பார்க்கும் செயற்கைக்கோளுக்கு வந்து சேரும் ஒளியில் சுமார் 90 சதவீதம், காற்றும் அதில் மிதக்கும் தூசியும் சிதறடிப்பது. கடலுக்குள் போய்த் திரும்புவது சுமார் 10 சதவீதம்தான். 100 ரூபாயில் 90 ரூபாயைக் கழித்துவிட்டு, மீதியை எண்ணுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் 1 ரூபாய் பிசகினாலும், கையில் மிஞ்சும் 10 ரூபாயில் அது 10 சதவீதப் பிழை!

மிதவையும் நிலாவும்

இதைச் சரிபார்க்க, ஹவாயின் லனாய் தீவை ஒட்டிய தெளிந்த கடலில் 1997 முதல் 'மோபி' என்ற மிதவை ஒளியை அளக்கிறது. அந்த அளவோடு ஒப்பிட்டுச் செயற்கைக்கோள் கணக்கைத் திருத்துகிறார்கள்.

விண்வெளியில் கருவியும் நாளடைவில் மங்கும். 1997-ல் ஏவப்பட்ட சீவிஃப்ஸ் கருவி, மாதம் ஒருமுறை நிலாவைப் பார்த்தது. காற்றோ மழையோ இல்லாத நிலாவின் மேற்பரப்பு மாறுவதே இல்லை எனலாம். எனவே அதன் வெளிச்சம் குறைந்ததுபோலத் தெரிந்தால், மங்கியது கருவிதான்!

எவ்வளவு நம்பலாம்?

இத்தனைக்குப் பிறகும், ஆழ்கடலில் பச்சையத்தின் பிழை 35 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் விஞ்ஞானிகள் வகுத்த இலக்கு. அதாவது 1 மில்லிகிராம் என்றால், உண்மையில் அது 0.65 ஆகவும் இருக்கலாம், 1.35 ஆகவும் இருக்கலாம். ஆற்று வண்டல் கலக்கும் கரையோரத்தில் குழப்பம் இன்னும் அதிகம். சேற்றின் நிறத்தையும் பாசியின் நிறத்தையும் பிரித்தறிவது கடினம்.

ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம், பச்சையமும் வெப்பநிலையும் சட்டென மாறும் எல்லைகளைக் கண்டு, மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களை மீனவர்களுக்குச் சொல்கிறது. இதற்கு ஓரிடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால் பெரும்பாலும் போதும். ஆனால் பருவநிலை மாற்றத்தால் கடல் எப்படி மாறுகிறது என்று அறிய, பல வருடக் கணக்கு பிசகாமல் இருக்க வேண்டும். கருவி மங்கியதைக் கடல் மாறியதாக எண்ணிவிடக் கூடாதே!

'கடலில் பச்சையம் குறைகிறது' என்ற செய்தியைப் படித்தால், எத்தனை சதவீதம் என்பதோடு நிறுத்தாமல், பிழைக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.