மலை காப்பாற்றிய முகம்

படத்தை வணங்கலாமா? 100 ஆண்டுக்கு மேல் நடந்த போராட்டம்!

ஒரு மரப்பலகை. ஏறத்தாழ 2¾ அடி உயரம். 1½ அடி அகலம். அதில் ஏசுநாதரின் உருவம். வலது கை ஆசி வழங்குகிறது. இடது கை வேத புத்தகத்தை அணைத்துக் கொண்டு இருக்கிறது.

முகத்தை உற்றுப் பார்த்தால் ஒரு வியப்பு! இரண்டு பாதிகளும் ஒன்றுபோல இல்லை. ஒரு பாதியில் சாந்தம். மறு பாதியில் கண்டிப்பு. கருணை காட்டுகிறவரும் அவரே, நியாயம் தீர்க்கிறவரும் அவரே என்று காட்டவே ஓவியர் இப்படி எழுதினார் என்று பலர் விளக்கம் சொல்லுகிறார்கள்.

உருக்கிய மெழுகில் வர்ணத்தைக் குழைத்து, கி.பி. 6-ம் நூற்றாண்டில் எழுதிய படம் இது. பிற்காலத்தில் யாரோ இதன்மேல் வேறு வர்ணம் பூசிவிட்டார்கள். 1962-ம் ஆண்டில் அந்தப் பூச்சை நீக்கிய பிறகுதான் பழைய முகம் வெளியே வந்தது.

படம் இருக்கும் இடம், எகிப்து நாட்டில் உள்ள புனித கேத்தரின் மடம்.

கட்டளை பிறந்த மலை

அந்த மடம் சினாய் மலை அடிவாரத்தில் இருக்கிறது. மோசே 10 கட்டளைகளைப் பெற்ற மலை இதுவே என்று பக்தர்கள் நம்புகிறார்கள். உருவங்களைச் செய்து அவற்றை வணங்கக்கூடாது என்பதும் அந்தக் கட்டளைகளில் அடங்கும்.

உருவம் கூடாது என்ற கட்டளை பிறந்த மலையே ஓர் உருவத்தைக் காப்பாற்றிக் கொடுத்து இருக்கிறது! அது எப்படி?

மன்னன் உத்தரவு

இன்று இஸ்தான்புல் எனப்படும் நகரம் அன்று கான்ஸ்டாண்டிநோபிள். கிறிஸ்தவச் சக்கரவர்த்திகளின் தலைநகரம். அங்கே 730-ம் ஆண்டில் 3-வது லியோ மன்னன், "படங்களை அகற்றுங்கள்" என்று உத்தரவு போட்டான். அதற்கு இணங்காத தலைமை குரு ஜெர்மானோஸ் பதவி இழந்தார்.

படங்களை எதிர்த்தவர்கள் பக்தி இல்லாதவர்கள் அல்ல. அவர்களுக்கும் ஒரு குறை இருந்தது. சிலர் படத்தையே பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு ஞானத் தகப்பனாக வைக்கிறார்கள். சில குருமார்கள் படத்தின் வர்ணத்தைச் சுரண்டி, திருவிருந்தில் கலந்து கொடுக்கிறார்கள் என்று 824-ம் ஆண்டில் 2-வது மைக்கேல் மன்னன் ஒரு கடிதத்தில் குற்றம் சாட்டினான்.

லியோவின் மகன் 5-வது கான்ஸ்டன்டைன், 754-ம் ஆண்டில் 338 பிஷப்புகளைக் கூட்டினான். திருவிருந்தில் கொடுக்கும் அப்பமே ஏசுநாதரின் ஒரே உண்மையான உருவம், மரத்தில் எழுதுவது அல்ல என்று அந்த மாநாடு முடிவு செய்தது.

துறவி தந்த பதில்

இதற்கு முன்பே எதிர்ப்புக் குரல் ஒன்று எழுந்து இருந்தது. அது டமாஸ்கஸ் நகரத்து யோவானின் குரல். அவரது குடும்பத்தார் முஸ்லிம் கலீபாவின் அரசாங்கத்தில் வேலை பார்த்தவர்கள். அவரோ துறவி ஆனார். கலீபாவின் நாட்டில் வாழ்ந்ததால், கிறிஸ்தவ மன்னனின் கை அவரை எட்டவில்லை!

அவர் சொன்ன பதில் இதுதான்:

கண்ணுக்குத் தெரியாத கடவுளைப் படமாக எழுத முடியாது. ஆனால், அவர் மனிதனாகப் பிறந்தார். மக்கள் அவரைக் கண்ணால் பார்த்தார்கள். பார்த்த முகத்தை எழுதுவதில் என்ன தவறு?

மரமும் வர்ணமும் வெறும் ஜடப்பொருள் என்கிறீர்கள். வேத புத்தகத்தின் மையும் தோலும் ஜடப்பொருள் இல்லையா? திருவிருந்தின் அப்பமும் ரசமும் ஜடப்பொருள் இல்லையா? கட்டளை கொடுத்த கடவுளே, உடன்படிக்கைப் பெட்டிக்கு மேல் தேவதூதர் உருவங்களைச் செய்யச் சொல்லவில்லையா?

படித்தவனுக்குப் புத்தகம் எப்படியோ, படிக்காதவனுக்குப் படம் அப்படி என்றும் அவர் எழுதினார்.

வணக்கம் வேறு, ஆராதனை வேறு

787-ம் ஆண்டில், ராணி ஐரின் முயற்சியால் நைசியா நகரில் பிஷப்புகள் கூடினார்கள். ஆராதனை கடவுள் ஒருவருக்கே உரியது. படத்துக்குச் செய்வது மரியாதை மட்டுமே. அந்த மரியாதையும் மரத்தோடு நின்றுவிடாது, படத்தில் இருப்பவரைப் போய்ச் சேரும் என்று அவர்கள் தீர்ப்புக் கூறினார்கள்.

ஆனால், போராட்டம் ஓயவில்லை. 815-ம் ஆண்டில் மறுபடியும் தடை வந்தது. தியோபிலோஸ் மன்னன் காலத்தில், துறவிகளான அண்ணன் தம்பி இருவரின் முகத்தில் வசை வரிகளைப் பச்சை குத்தினார்கள்.

அந்த மன்னனின் மனைவி தியோடோரா பற்றி ஒரு கதை உண்டு. அவள் அந்தப்புரத்தில் படங்களை மறைத்து வைத்து முத்தமிடுவாளாம். அரண்மனைக் கோமாளி அதைப் பார்த்துவிட்டு, "ராணி அழகான பொம்மைகள் வைத்து இருக்கிறார்" என்று மன்னனிடம் உளறிவிட்டானாம்!

842-ம் ஆண்டில் மன்னன் இறந்தான். மகனோ சிறு குழந்தை. குழந்தையின் சார்பில் ஆட்சி நடத்திய தியோடோரா, 843-ம் ஆண்டில் படங்களைத் திரும்பக் கொண்டு வந்தாள்.

தப்பிய படங்கள்

அதற்குள் தலைநகரில் எத்தனையோ பழைய படங்கள் அழிந்து போயின. சினாய் மடத்தில் மட்டும் பல தப்பின. எகிப்து அப்போது முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. மன்னனின் உத்தரவு அங்கே செல்லவில்லை. பாலைவனத்தின் வறண்ட காற்றும் மரப்பலகையை உளுத்துப் போகாமல் காத்தது.

16-ம் நூற்றாண்டில், ஐரோப்பாவில் மதச் சீர்திருத்தம் நடந்தபோது அதே கேள்வி மீண்டும் எழுந்தது. இன்றும் சில கிறிஸ்தவ சபைகளின் கோவில்களில் உருவம் எதுவும் இராது. வேறு சபைகளில் படத்தின் முன் விளக்கு எரியும். வேதம் இருவருக்கும் ஒன்றே.

கிழக்கத்திய சபையார், தவக்காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையை 843-ம் ஆண்டின் நினைவாகக் கொண்டாடுகிறார்கள். அன்று பல கோவில்களில் சிறுவர் சிறுமியரும் ஆளுக்கு ஒரு படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஊர்வலம் வருகிறார்கள்.