1823-க்கு முன் வந்தவரா நீங்கள்?

திருவொற்றியூர் மண்டலத்தில், எர்ணாவூரை ஒட்டி 'பர்மா நகர்' என்றொரு குடியிருப்பு இருக்கிறது. பெயர்க் காரணம் கேட்டால், "பர்மாக்காரங்க இருக்கிற எடம் சார்" என்று சொல்வார்கள். இந்தப் பர்மாக்காரர்கள் வேறு யாருமில்லை. தமிழ் மாவட்டங்களிலிருந்து ஒரு காலத்தில் கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். தமிழ்நாட்டிலேயே தமிழருக்குப் பர்மாக்காரர் என்று பெயர் வந்தது எப்படி? பதில் சொல்ல இருநூறு ஆண்டு ஆசிய வரலாறு வேண்டியிருக்கிறது. அந்த வரலாறு முடிந்துபோனதும் அல்ல. மணிப்பூர் எல்லையிலும், இன்று மியான்மர் எனப்படும் பர்மாவின் குடியுரிமை அலுவலகங்களிலும் அது இன்றைக்கும் ஆட்களைத் தடுத்து நிறுத்துகிறது.

சென்னைக்குப் பர்மா என்றால் முதலில் நினைவுக்கு வருவது அத்தோ. பாரிமுனை இரண்டாவது கடற்கரைச் சாலையிலும் வடசென்னைத் தெருக்களிலும் சாயங்காலம் தள்ளுவண்டிகள் வந்து நிற்கும். ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு கை அள்ளிக் கிண்ணத்தில் போட்டு, அதன்மேல் மெல்லிசாக அரிந்த முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, நொறுக்கிய தட்டை, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், எண்ணெய் எல்லாம் விழும். விரலாலேயே பிசைந்து தட்டில் வைத்து, பக்கத்தில் கொதிக்கக் கொதிக்க வாழைத்தண்டு சூப்பையும் ஊற்றிக் கொடுப்பார்கள். ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், அந்த மக்களைப் பற்றிய பேச்சு இந்தத் தட்டோடு நின்றுவிடுகிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

திருவொற்றியூரில் நின்றுகொண்டு கடல் கடந்த தமிழரைப் பற்றிப் பேச்செடுத்தால், அது நேராக முதலாம் ராஜேந்திர சோழனிடம் போய்விடும். அதற்கு இங்கே கல்லிலேயே ஆதாரம் இருக்கிறது. தியாகராஜர் கோயிலில் ஆதிபுரீஸ்வரர் சன்னதியின் தூங்கானை மாட விமானம் அவன் காலத்தில் கருங்கல்லால் எழுப்பப்பட்டது. சதுரானன பண்டிதரின் சொற்படி அதைக் கட்டியவன் ரவி என்கிற வீரசோழத் தச்சன் என்று கல்வெட்டு பெயர் சொல்கிறது. அதே அரசனின் கடற்படைதான் 1025 வாக்கில் ஸ்ரீவிஜயத்தின் துறைமுகங்களைத் தாக்கியது. மெய்க்கீர்த்தி அடுக்கும் ஊர்களில் ஒன்றான மாப்பப்பாளம், கீழ்ப் பர்மாவின் கரையில் இருந்த துறைமுகம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள்.

படை போன வழியில் வணிகமும் போனது. பர்மாவின் பழைய தலைநகரான பாகானில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கிருந்த 'நானாதேசி விண்ணகர்' என்ற திருமால் கோயிலுக்கு, மலைமண்டலத்து மகோதையர் பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர் மண்டபமும் கதவும் நிலைவிளக்கும் கொடுத்த செய்தி அதில் உள்ளது. பௌத்த அரசரின் ஊரில், பல தேசத்து வணிகர் கூடி வைத்திருந்த வைணவக் கோயில் அது. கோயிலுக்குக் கொடை கொடுத்துக் கல்லில் பெயர் வெட்டிவைக்கிற அளவுக்கு அந்த வணிகருக்கு அங்கே இடமிருந்தது.

கடாரம் கொண்டவன் என்று ராஜேந்திரனைக் கொண்டாடட்டும். ஆனால், எர்ணாவூர்ப் பர்மா நகருக்கும் ராஜேந்திரனின் கப்பலுக்கும் தொடர்பில்லை. பர்மா நகரைக் கொண்டுவந்தது வேறொரு கப்பல்.

அரிசிக்குப் போன ஆட்கள்

1824-இல் ஆங்கிலக் கம்பெனி பர்மா மீது போர் தொடுத்தபோது சென்னை ராணுவத்துச் சிப்பாய்களும் கப்பலேறி ரங்கூனுக்குப் போனார்கள். 1852-இல் இரண்டாவது போர் வந்தது. 1885-இல் மூன்றாவது போரோடு திபா மன்னர் ரத்னகிரிக்கு நாடு கடத்தப்பட, பர்மா முழுவதும் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமானது. சென்னைக்காரர் ரங்கூனுக்குப் போவது அன்று வெளிநாடு போவதல்ல. ஒரே ஆட்சி, ஒரே ரூபாய். கடல் மட்டும்தான் குறுக்கே.

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐராவதி டெல்டாவின் அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை அகலத் திறந்தது. சதுப்புக்காட்டை வெட்டி வயலாக்கப் பணம் வேண்டும். அறுவடை செய்ய, ஆலையில் அரைக்க, மூட்டை தூக்க ஆள் வேண்டும். பணம் செட்டிநாட்டிலிருந்து போனது, ஆள் சென்னை மாகாணத்தின் தமிழ், தெலுங்கு மாவட்டங்களிலிருந்து போனார்கள். மேஸ்திரி ஊருக்கு வந்து முன்பணம் கொடுப்பார். அது அடைகிறவரை அவர் காட்டுகிற இடத்தில் வேலை செய்ய வேண்டும். மேல்தளத்தில் பாய் விரித்துப் பயணம். இப்படி லட்சக்கணக்கில் போனவர்களின் உழைப்பும் சேர்ந்துதான் 1930-களில் உலகிலேயே மிக அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடாகப் பர்மாவை ஆக்கியது. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் நகரத்து மக்கள் சுமார் 4 லட்சம் பேர். அவர்களில் பாதிக்கு மேல் இந்தியர். பர்மா முழுவதிலும் இந்தியர் 10 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள்.

சென்னைக் கரைக்கும் பர்மாவுக்கும் இருந்த ஒட்டுறவுக்கு ஒரு சான்று. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசியதைப் பாட்டிமார் கதையாகவே கேட்டிருப்போம். அன்று தீப்பிடித்து எரிந்தவை பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள்.

இதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் போவது நேர்மையல்ல. 1929-க்குப் பின் உலகப் பொருளாதாரம் சரிந்து நெல் விலை விழுந்தபோது, கடன் வாங்கிய பர்மிய விவசாயி வயலை இழந்தார். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கைக்கு வந்திருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம். 1937-இல் அது 25 சதவீதம். அடகுக்கு நின்ற நிலம் கடன்காரர் கைக்குப் போனது கணக்குப்படி சரியாக இருக்கலாம். உழுதவருக்கு அது தன் மண்ணை அந்நியன் எடுத்துக்கொண்டதாகத்தான் பட்டது. சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1931-இல் அவரை ஆங்கில அரசு தூக்கிலிட்டது. அந்தக் கிளர்ச்சிக்குச் சற்று முன்பு, 1930 மே மாதம், ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்ய, அவர்களுக்குப் பதிலாகப் பர்மியரை எடுத்தார்கள். நிறுத்தம் முடிந்ததும் பர்மியரைத் திருப்பி அனுப்பினார்கள். அதில் மூண்ட கலவரத்தில் செத்தவர்களில் பெரும்பாலோர் இந்தியக் கூலிகள். கொள்ளை லாபம் லண்டனுக்கு, வட்டி சிலருக்கு, வெட்டு மட்டும் கூலிக்காரனுக்கு.

நடந்தும் கப்பலிலும்

1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து தனி நிர்வாகமாகப் பிரிந்தது. 1941 டிசம்பர் 23-இல் ரங்கூன்மேல் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச் 8-இல் நகரம் ஜப்பானியர் வசமானது. கப்பலில் இடம் கிடைத்தவர் போக, மற்றவர்கள் நடந்தார்கள். அரக்கான் வழியாகவும், தாமு கணவாய் கடந்து மணிப்பூர் வழியாகவும், இன்னும் வடக்கே போய் அசாம் வழியாகவும் சுமார் ஐந்து லட்சம் பேர். காலரா, மலேரியா, பசி எல்லாம் சேர்ந்து பல்லாயிரம் பேரை வழியிலேயே விழுங்கின. ரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மாவும் இப்படி நடந்து வந்தவர்தான். 'எனது பர்மா வழிநடைப் பயணம்' என்று அவர் எழுதிவைத்ததை ஆசியப் போர் வரலாற்றின் ஆவணமாகவே படிக்க வேண்டும். தமிழில் இப்படியொரு நூல் இருப்பது நம் பாக்கியம். அது பள்ளிப்பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேரவில்லை என்பது நம் குறை.

போர் முடிந்ததும் பலர் திரும்பிப் போனார்கள். வீடும் தொழிலும் அங்கே இருந்தன. 1948 ஜனவரி 4-இல் பர்மா விடுதலை பெற்றது. 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமையாயின. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. வங்கியில் போடாமல் வீட்டில் ரொக்கமாகச் சேர்த்திருந்த கடைக்காரருக்கும் கூலிக்காரருக்கும் ஒரே இரவில் எல்லாம் போயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் மூன்று லட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல். கொண்டுவர அனுமதிக்கப்பட்ட நகையும் பணமும் சொற்பம்.

அதே 1964 அக்டோபரில் இலங்கையோடு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. ஒரே ஏகாதிபத்தியம் கூலிக்கு இறக்கிய மக்களை, புதிதாய்ப் பிறந்த இரு நாடுகள் ஒரே ஆண்டில் கணக்கெழுதி வெளியே வைத்தன. இரு தரப்பினரையும் அதிகார மொழி 'தாயகம் திரும்பியோர்' என்றது. ரங்கூனில் பிறந்து பர்மியப் பள்ளியில் படித்த பத்து வயதுப் பிள்ளைக்குச் சென்னை எப்படித் தாயகம்?

சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்கள் முகாம்களிலிருந்து வியாசர்பாடி, எர்ணாவூர் என்று பிரிந்தார்கள். திருச்சி, மதுரை, திண்டுக்கல் பக்கமும் பர்மா காலனிகள் எழுந்தன. 1969-இல் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய சாலையோரத்தில் பர்மா பஜார் வந்தது. அதே ஆண்டில் பர்மா, இலங்கை இரண்டிலிருந்தும் திரும்பியவர்களின் மறுவாழ்வுக்காக ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. 'பாரின் சாமான்' வாங்க பஜாருக்கு ஊரே திரண்டது. வடக்கே எண்ணூர் நெடுஞ்சாலை நெடுக ஆலைகள் நின்றன. ஆனால், திரும்பி வந்தவர்களுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் நாள்கூலி.

தாமு வாசலில்

எல்லாரும் இங்கே ஒட்டிக்கொள்ளவில்லை. பிழைக்க வழியில்லாமல் சிலர், பிறந்த ஊருக்கே திரும்பிப் போவோம் என்று மணிப்பூர் வரை போய் எல்லை தாண்டப் பார்த்தார்கள். பர்மா உள்ளே விடவில்லை. முன்னும் போக முடியாமல், பின்னும் போக மனமில்லாமல் எல்லையிலேயே குடியமர்ந்தார்கள். அந்த ஊர்தான் மோரே. அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது. எதிரே தெரிகிற பர்மிய ஊர், 1942-இல் லட்சக்கணக்கானோர் நடந்து கடந்த அதே தாமு. 2022 ஜூலையில் மோரேயிலிருந்து தாமுவுக்குப் போன தமிழர் இருவர் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2023 மே மாதம் மணிப்பூரில் மூண்ட வன்முறையில் மோரேயில் தமிழர் வீடுகளும் எரிந்தன. இருபுறத்து மக்களும் விசா இல்லாமல் கொஞ்ச தூரம் போய்வர இருந்த ஏற்பாட்டையும் 2024 பிப்ரவரியில் இந்திய அரசு நிறுத்துவதாக அறிவித்தது.

பர்மாவிலேயே தங்கிவிட்டவர்கள் கதையில் 1982-இல் ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது. அதன்படி 1823-க்கு முன்பே அந்த மண்ணில் இருந்த இனங்களே இயல்பான குடிமக்கள். ஏன் 1823? முதல் ஆங்கில - பர்மியப் போர் 1824-இல். அந்தப் போருக்குப் பிறகு வந்தவரெல்லாம் வெள்ளைக்காரனோடு வந்தவர் என்பது அதன் உள்ளர்த்தம். அரசு ஏற்கும் 135 இனங்களின் பட்டியலில் தமிழர் இல்லை. நான்கைந்து தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவரும், முன்னோர் எப்போது வந்தார் என்று காகிதம் காட்டினால்தான் இரண்டாம், மூன்றாம் தரக் குடியுரிமை. ரோஹிங்கியா மக்களை நாடற்றவராக்கிய சட்டமும் இதுவே. பாகான் கல்வெட்டு 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று வாதாடிப் பயனில்லை. சட்டம் கேட்பது உங்கள் தாத்தாவின் காகிதத்தை.

2021 பிப்ரவரி 1-இல் மியான்மர் ராணுவம் மீண்டும் ஆட்சியைப் பிடித்தது. 2024-இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இதற்கிடையே 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடி வளாகங்களில் அடைபட்டார்கள். முதல் தொகுதியாக 13 பேர் அந்த அக்டோபரில் சென்னை வந்து இறங்கினார்கள். மேஸ்திரி முன்பணம் கொடுத்துக் கட்டிப்போட்டார். ஏஜென்ட் முன்பணம் வாங்கிக்கொண்டு விற்றுவிட்டார். ஆள் பிடிக்கிற தொழில் நூறாண்டில் இவ்வளவுதான் மாறியிருக்கிறது.

ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் தினமாகத் தமிழ்நாடு அரசு கொண்டாடுகிறது. வெளிநாட்டில் வென்றவர்கள் மேடையேறுகிறார்கள். வெளிநாட்டில் தோற்கடிக்கப்பட்டுத் திரும்பியவர்களுக்கும் அங்கே நாற்காலி போட வேண்டும். அதைவிட அவசரமான வேலை ஒன்றும் உண்டு. 1964-இல் பத்து வயதில் கப்பலேறியவருக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. ரங்கூன் தெருக்களின் பெயர்களையும், எந்தக் கப்பலில் எத்தனை நாள் வந்தோம் என்பதையும், நோட்டு செல்லாது என்ற அன்று வீட்டில் நடந்ததையும் அவர்கள்தான் சொல்ல முடியும். எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமோ, ஏதாவதொரு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையோ ஒலிப்பதிவுக் கருவியோடு எர்ணாவூருக்கும் வியாசர்பாடிக்கும் ஆட்களை அனுப்பட்டும். பர்மிய மொழி தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போகட்டும். அங்குள்ள பெரியவர்கள் சில விஷயங்களை அந்த மொழியில்தான் சரியாகச் சொல்வார்கள்.